ஆயத்தப் பெட்டியா, சேர்த்துக் கட்டும் கணனியா?



கோழி வளர்ப்பு, சீட்டுக் கணக்கு, காணி உறுதி என்று கதைத்து வந்த இந்தப் பக்கத்தில் இம்முறை கணனி பற்றி எழுதுகிறேன். அதுவும் பிள்ளைகள் விளையாடுவதற்குக் கேட்கும் கணனி பற்றி. "இது எங்களுக்கு எதற்கு?" என்று பக்கத்தைப் புரட்டி விடாதீர்கள். திரியாயிலும் அயல் கிராமங்களிலும் இன்று பல வீடுகளில் நடக்கும் வாக்குவாதம் இதுதான். சாதாரண தரம் எழுதி முடித்த மகன் கேட்கிறான். உயர்தரத்தில் தொழினுட்பப் பிரிவு எடுத்த மகள் கேட்கிறாள். தாயின் கையில் இருப்பதோ மாடு விற்ற காசும் சீட்டு எடுத்த காசும்தான். அந்தக் காசு ஒரு தடவைதான் வரும். பிழையான பெட்டிக்குள் போட்டுவிட்டால் திரும்பி வராது.

பிள்ளைகள் இரண்டு வழி சொல்லுவார்கள். ஒன்று, கடையில் பூட்டி முடித்து, வெளிச்சம் போட்டு வைத்திருக்கும் ஆயத்தக் கணனி. மற்றது, பாகங்களைத் தனித்தனியாகத் தெரிந்து வாங்கிப் பூட்டும் கணனி. கடைக்காரர்கள் இதனை 'அசெம்பிள்' என்பார்கள். எது நல்லது என்று எங்கள் மாதர் சங்கத்தில் பல தாய்மார் கேட்டுவிட்டார்கள். அவர்களோடு கடைகளுக்குப் போய் வந்ததில் நான் அறிந்துகொண்டதை இங்கே எழுதுகிறேன்.

விளையாட்டுக்கு ஏன் தனிக் கணனி?

கடிதம் தட்டச்சு செய்யவும், படம் பார்க்கவும், பாடம் படிக்கவும் எந்தக் கணனியும் போதும். விளையாட்டுக்கு அப்படியல்ல. திரையில் ஓடும் காட்சி சீராகத் தெரிய வேண்டுமானால் ஒரு செக்கனுக்கு 60 படங்கள் அளவில் கணனி வரைந்து தள்ள வேண்டும். அந்த வேலையைச் செய்வது கிராபிக்ஸ் எனும் பகுதி. அது பலமாக இருந்தால் விலையும் ஏறும்.

இதே பலம் வேறு வேலைக்கும் உதவும். கலியாண வீடியோ தொகுப்பதற்கும், அழைப்பிதழ், பதாகை வடிவமைப்பதற்கும், 'பிளெண்டர்' என்ற இலவச மென்பொருளில் அசையும் படம் செய்வதற்கும் அந்தக் கிராபிக்ஸ்தான் தேவை. 2013 இல் உயர்தரத்தில் தொழினுட்பப் பிரிவு தொடங்கிய பிறகு எங்கள் பிள்ளைகள் இந்த வேலைகளைப் பாடசாலையிலேயே கேள்விப்படுகிறார்கள். விளையாட்டும் முன்னைப்போல் இல்லை. 2023 இல் சீனாவின் ஹாங்சோவில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டியில் கணனி விளையாட்டு முதன்முறையாகப் பதக்கத்துக்குரிய போட்டியாக நடந்தது. இதனால் எங்கள் பிள்ளை விளையாடியே உழைப்பான் என்று நான் சொல்லவில்லை. கேட்பதெல்லாம் வீண் என்று ஒரே சொல்லில் தள்ளிவிடத் தேவையில்லை என்றுதான் சொல்கிறேன்.

எங்களுக்குப் பழக்கமான கணக்கு

கணனி என்றதும் எம்மில் பலர் பின்வாங்கி விடுகிறோம். "அது பொடியன்களின் விடயம்" என்கிறோம். ஆனால் இந்தக் கேள்வி எங்களுக்குப் புதியதல்ல. ஆயத்தமாக வந்து இறங்குவதா, நாமே பார்த்துக் கட்டுவதா என்ற கேள்வியை வீட்டு விடயத்தில் நாங்கள் ஏற்கெனவே சந்தித்திருக்கிறோம்.

1985 இல் வீடுகள் எரிந்த ஊர் திரியாய். ஓடித் திரிந்து, திரும்பி வந்து, மறுபடி கட்டியவர்கள் நாங்கள். போர் முடிந்த பிறகு இந்திய அரசின் 50,000 வீட்டுத் திட்டம் வந்தது. 2012 ஒக்டோபரில் வடக்கிலும் கிழக்கிலும் அதன் பெரும் பகுதி தொடங்கியபோது, வீட்டுக்காரரே கட்டும் முறையில் ஒரு வீட்டுக்கு 5 இலட்சத்து 50 ஆயிரம் ரூபா, வேலை நடக்க நடக்கக் கட்டம் கட்டமாக வங்கிக் கணக்குக்கு வந்தது. கணவனை இழந்த பெண்கள் எத்தனையோ பேர் மேசனோடு பேரம் பேசி, சீமெந்துப் பை எண்ணி, மணல் லோட் அளந்து, பில் சேர்த்து வீடு கட்டி முடித்தார்கள்.

பின்னர் 2016 இல் 65,000 ஆயத்த இரும்பு வீடுகள் தருவதாக அரசு ஒரு திட்டத்தை முன்வைத்தது. ஒரு வீட்டுக்கு 21 இலட்சம் ரூபா அளவில் செலவு சொல்லப்பட்டது. வெக்கைக்கு உதவாது, பிறகு ஓர் அறை கூட்டிக் கட்டவும் ஏலாது, ஊர் மேசனுக்கும் வேலை இல்லை, இதே காசில் கல்வீடு அதிகம் கட்டலாமே என்று மக்கள் எதிர்த்தார்கள். அந்தத் திட்டம் சொன்னபடி நிறைவேறவில்லை.

அந்த நேரம் நாங்கள் கேட்ட கேள்விகள்தான் கணனிக்கும் தேவை. காசு எந்தப் பகுதிக்குப் போகிறது? எங்கள் வெயிலையும் காற்றையும் தாங்குமா? பழுதானால் ஊரில் திருத்தலாமா? பிறகு கூட்டலாமா? இந்த நான்கையும் கேட்கத் தெரிந்தவருக்குக் கணனி வாங்கவும் தெரியும்.

பெட்டிக்குள் என்ன இருக்கிறது?

1981 இல் ஐபிஎம் நிறுவனம் தனது முதல் தனியாள் கணனியைச் சந்தையில் கிடைத்த பாகங்களைக் கொண்டே செய்தது. அதனால் மற்றவர்களும் அதே மாதிரிப் பாகங்கள் செய்யத் தொடங்கினார்கள். இன்று வேறு வேறு கொம்பனிப் பாகங்கள் ஒன்றோடொன்று பொருந்துவது அந்த வழக்கத்தால்தான். பெயர்களைக் கண்டு பயப்படத் தேவையில்லை.

புரோசசர் என்பது மூளை. மதர்போட் எல்லாப் பாகத்தையும் இணைக்கும் பலகை. ராம் என்பது வேலை செய்யும் மேசை மாதிரி, பெரிதாக இருந்தால் ஒரே நேரத்தில் அதிகம் விரித்து வைக்கலாம். எஸ்எஸ்டி என்பது சாமான் வைக்கும் அலுமாரி. கிராபிக்ஸ் கார்ட் படம் வரையும். பவர் சப்ளை எல்லாவற்றுக்கும் மின்சாரம் பிரித்துக் கொடுக்கும். இவற்றை மூடி வைப்பது கேசிங். வெளியே மொனிட்டர், கீபோட், மவுஸ்.

இதில் பவர் சப்ளைதான் அத்திவாரம். மலிவான பவர் சப்ளை பழுதானால் தான் மட்டும் போகாது, மற்றப் பாகத்தையும் கொண்டு போகலாம். கேசிங்கில் எரியும் வண்ண வெளிச்சம் சுவருக்கு அடிக்கும் பெயின்ற் மாதிரி. அத்திவாரத்தைக் குறைத்துப் பெயின்ற் அடிக்கும் மேசனை நாங்கள் விடமாட்டோம். கணனியிலும் விடக்கூடாது.

ஆயத்தப் பெட்டியின் நன்மையும் தீமையும்

ஆயத்தக் கணனியில் உண்மையான நன்மைகள் உண்டு. முழுப் பெட்டிக்கும் ஒரே வாரண்டி. பழுதானால் எந்தப் பாகம் என்று நாங்கள் தேடத் தேவையில்லை, பெட்டியோடு கொண்டுபோய் வைத்தால் சரி. பெயர்பெற்ற கொம்பனிப் பெட்டி என்றால் பெரும்பாலும் அசல் வின்டோஸும் சேர்ந்து வரும். இன்னொன்றும் உண்டு. 2025 இன் இறுதிப் பகுதியில் இருந்து உலகம் முழுவதும் ராம் விலை வேகமாக ஏறியது. செயற்கை நுண்ணறிவுக்கான பெரிய கணனி நிலையங்கள் நினைவகச் சில்லுகளை அள்ளிக்கொள்வதே காரணம். விலை ஏறுமுன் பூட்டி வைத்த ஆயத்தப் பெட்டி சிலவேளை தனிப் பாகங்களின் கூட்டுத்தொகையை விட மலிவாகவும் கிடைக்கலாம். ஆகவே "சேர்த்துக் கட்டினால் எப்போதும் மலிவு" என்று பிள்ளை சொன்னால் அப்படியே நம்பாதீர்கள். இரண்டையும் விலை கேட்டுப் பாருங்கள்.

தீமை என்னவென்றால், உள்ளே இருப்பது தெரியாது. மூன்று ஏமாற்றுகளைக் கவனியுங்கள்.

முதலாவது, "கோர் ஐ7" என்று சொல்லிப் பழைய புரோசசரைத் தலையில் கட்டுவது. ஐ7 என்றாலே உயர்ந்தது என்று நினைக்கிறோம். 2011 இல் வந்த ஐ7-2600 ஐ விட 2022 இல் வந்த ஐ3-12100 மிகவும் நல்லது. கோட்டுக்குப் பின்னால் வரும் இலக்கத்தைப் பாருங்கள். 2600 என்றால் இரண்டாம் தலைமுறை. 8500 என்றால் எட்டாம் தலைமுறை. 12100 என்றால் பன்னிரண்டாம் தலைமுறை.

இரண்டாவது, "4 ஜிபி கிராபிக்ஸ் கார்ட்" என்பது. ஜிபி என்பது கார்டின் நினைவக அளவு மட்டுமே, பலம் அல்ல. 2014 இல் வந்த ஜிடி 730 இலும் 4 ஜிபி உண்டு, 2019 இல் வந்த ஜிடிஎக்ஸ் 1650 இலும் 4 ஜிபி உண்டு. இரண்டுக்கும் இடையில் துவிச்சக்கர வண்டிக்கும் மோட்டார் சைக்கிளுக்கும் உள்ள வித்தியாசம். கார்டின் பெயரையும் இலக்கத்தையும் எழுதிக் கேளுங்கள்.

மூன்றாவது, பவர் சப்ளையின் பெயரைச் சொல்லாமல் விடுவது. பெயர் சொல்லத் தயங்கினால் அங்கே காசு குறைத்திருக்கிறார்கள் என்று நினையுங்கள்.

சேர்த்துக் கட்டுவதன் நன்மையும் தீமையும்

சேர்த்துக் கட்டும்போது ஒவ்வொரு ரூபாவும் எங்கே போகிறது என்று பட்டியலில் தெரியும். ஒரு பாகம் பழுதானால் அதை மட்டும் மாற்றலாம். முக்கியமாக, வீடு கட்டுவது போலவே கட்டம் கட்டமாகக் கட்டலாம். முதலில் ஓர் அறையும் குசினியும். காசு வந்த பிறகு விறாந்தை.

குறைந்த காசுக்காரருக்கு ஏற்ற வழி இது. முதற்கட்டத்தில் தனிக் கிராபிக்ஸ் கார்ட் வாங்க வேண்டாம். ஓரளவு நல்ல கிராபிக்ஸ் உள்ளேயே உள்ள புரோசசரை எடுங்கள். 2021 இல் ஏஎம்டி வெளியிட்ட ரைசன் 5 5600ஜி அப்படிப்பட்டது. வலோரன்ட், மைன்கிராப்ட் போன்ற பாரம் குறைந்த விளையாட்டுகள் அதில் ஓடும். பெரிய விளையாட்டுகளைத் தரத்தைக் குறைத்து ஓடவிடலாம். நல்ல பவர் சப்ளையை முதலிலேயே போட்டுவிட்டால் அடுத்த வருடமோ அதற்கடுத்த வருடமோ கிராபிக்ஸ் கார்டைச் செருகிக்கொள்ளலாம்.

இங்கே இரண்டு நுணுக்கம். உள்ளேயே கிராபிக்ஸ் உள்ள புரோசசர் கணனியின் ராமையே தனக்கும் எடுத்துக்கொள்கிறது. ஆகவே 16 ஜிபி ராம் வேண்டும். அதையும் 8 ஜிபி வீதம் இரண்டு துண்டாகப் போடச் சொல்லுங்கள். ஒரே துண்டாகப் போட்டால் விளையாட்டின் வேகம் நன்றாகக் குறையும். அடுத்தது, இன்டெல் புரோசசர் இலக்கத்தின் முடிவில் 'எப்' என்ற எழுத்து இருந்தால் உள்ளே கிராபிக்ஸ் இல்லை என்று அர்த்தம். தனிக் கார்ட் இல்லாமல் திரையில் படமே வராது. கட்டம் கட்டமாகக் கட்டுபவர் அதை வாங்கக்கூடாது.

தீமைகளையும் சொல்ல வேண்டும். ஒவ்வொரு பாகத்துக்கும் வாரண்டி வேறு வேறு. பழுது எதில் என்று கண்டுபிடிக்க ஒருவர் வேண்டும். எங்கள் ஊரில் இருந்து திருகோணமலைப் பட்டினம் 40 கிலோமீற்றருக்கு மேல். குச்சவெளி, நிலாவெளி கடந்து ஒரு நாள் பிழைப்பை விட்டுத்தான் போக வேண்டும். கொழும்பு பம்பலப்பிட்டியில் உள்ள யூனிட்டி பிளாசாவில் கணனிக் கடைகள் நிறைய உண்டு, அங்கே விலை குறைவாகவும் இருக்கலாம். ஆனால் பழுதான பாகத்தைக் கொழும்புக்கு அனுப்பி எடுக்கும் செலவையும் நாட்களையும் கூட்டிப் பார்த்தால் அந்த இலாபம் கரைந்துவிடும். விலை வித்தியாசம் சிறிதென்றால் திருகோணமலையிலேயே வாங்குங்கள்.

இன்னொரு விடயம். மாதம் ஒரு பாகமாக வாங்கி வீட்டில் சேர்த்து வைக்கலாம் என்று சிலர் நினைக்கிறார்கள். வேண்டாம். வாங்கிய நாளில் இருந்தே வாரண்டி ஓடத் தொடங்கிவிடும். எல்லாப் பாகமும் வந்து பூட்டும் வரை அது நல்லதா பழுதா என்று தெரியாது. காசைச் சேர்த்து வைத்து, முதற்கட்டத்துக்கு வேண்டியதை ஒரே நாளில் வாங்கிப் பூட்டுவித்து எடுங்கள்.

மூன்றாவது வழி: பாவித்த அலுவலகக் கணனி

கையில் காசு மிகக் குறைவென்றால் இதையும் யோசிக்கலாம். அலுவலகங்கள் பாவித்துக் கழித்த டெல், எச்பி கணனிகள் சந்தையில் வருகின்றன. அதில் தனி மின்வயர் தேவைப்படாத கிராபிக்ஸ் கார்ட் ஒன்றைச் செருகினால் விளையாட்டுக் கணனி ஆகிவிடும். ஜிடிஎக்ஸ் 1650 இல் பல வகைகள் 75 வாற்றுக்குள் மதர்போட்டில் இருந்தே மின்சாரம் எடுத்துக்கொள்ளும். ஒடுங்கிய பெட்டி என்றால் கட்டையான கார்ட்தான் உள்ளே போகும், அளந்து பார்த்து வாங்குங்கள்.

ஆனால் இந்தக் கணனிகளில் பல, தங்கள் கொம்பனிக்கென்றே செய்த பவர் சப்ளையும் மதர்போட்டும் உள்ளவை. பழுதானால் பொதுச் சந்தைப் பாகம் பொருந்தாது. அடுத்தது தலைமுறைக் கணக்கு. வின்டோஸ் 10 க்கான இலவசப் பாதுகாப்பு ஆதரவை மைக்ரோசொப்ட் 2025 ஒக்டோபர் 14 உடன் நிறுத்தியது. வின்டோஸ் 11 முறைப்படி ஓட இன்டெல் எட்டாம் தலைமுறையோ அதற்குப் பின்னையதோ வேண்டும். அதற்கு முந்திய கணனிகளை "மலிவு" என்று இப்போது தள்ளிவிடுகிறார்கள். பிள்ளை வலோரன்ட் விளையாட வேண்டும் என்றால் வின்டோஸ் 11 இல் அது டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியையும் கேட்கும். எட்டாம் தலைமுறைக்குக் கீழே இறங்காதீர்கள்.

பாவித்த கிராபிக்ஸ் கார்டிலும் கவனம் தேவை. எத்தீரியம் என்ற மின்நாணயத்தைத் தோண்டுவதற்கு இரவு பகலாக ஓடிய கார்டுகள், 2022 செப்டெம்பரில் அந்த முறை மாறியதும் பழைய சாமானாகச் சந்தைக்கு வந்தன. ஓடவிட்டுப் பார்க்காமல் வாங்கவே கூடாது.

தவணைக் காசும் வெளிநாட்டுப் பெட்டியும்

எங்கள் ஊர்ச் சகோதரி ஒருவர் மகனோடு பட்டினத்துக் கடையொன்றுக்குப் போனபோது நானும் கூடப் போனேன். ஆயத்தப் பெட்டி ஒன்று நான்கு நிறத்தில் எரிந்துகொண்டிருந்தது. மகன் அதை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. முற்பணம் கொஞ்சம் கட்டி மிச்சத்தை மாதாமாதம் கட்டலாம் என்றார் கடைக்காரர். சகோதரி விலைப்பட்டியல் கேட்டார்.

"அம்மா, உங்களுக்கு இது விளங்காது. நான் தம்பியோட கதைக்கிறன்" என்றார் அவர்.

"தம்பி, காசு என்ர கையிலதான் இருக்குது. எனக்கு விளங்கிற மாதிரிச் சொல்லுங்கோ" என்றார் சகோதரி.

பிறகு கடதாசியில் முற்பணத்தையும் எல்லாத் தவணையையும் கூட்டிப் பார்த்தார். கைக்காசு விலையை விட எவ்வளவு கூட என்று மகனுக்குக் காட்டினார். அவன் ஒன்றும் பேசவில்லை. இரண்டு மாதம் கழித்து, சீட்டு எடுத்த பிறகு, வேறொரு கடையில் நான் மேலே சொன்ன முதற்கட்டக் கணனியைப் பூட்டுவித்து எடுத்தார்கள். மகன் இப்போது அதில் விளையாடவும் செய்கிறான், சங்கத்தின் கூட்ட அறிவித்தல்களை வடிவமைத்தும் தருகிறான். கிராபிக்ஸ் கார்டுக்கென்று தானே ஓர் உண்டியல் வைத்திருக்கிறான்.

கடனால் எங்கள் பெண்கள் பட்ட பாட்டை மறக்கக்கூடாது. வறட்சியால் பாதிக்கப்பட்ட 12 மாவட்டப் பெண்களின் ஒரு இலட்சத்துக்கு உட்பட்ட நுண்கடனுக்கு 2018 இல் அரசே நிவாரணம் அறிவிக்க வேண்டி வந்தது. ஏற்கெனவே ஒரு தவணை கட்டுபவர் விளையாட்டுக் கணனிக்காக இன்னொன்றில் கையெழுத்து வைக்க வேண்டாம். கணனி விலை நாளுக்கு நாள் இறங்கும் சாமான். தவணை முடிய முன்பே பெட்டி பழசாகிவிடும்.

சிலருக்குக் கனடாவில், லண்டனில் இருந்து உறவினர் கணனி அனுப்புவதாகச் சொல்வார்கள். பெட்டியை விடக் காசாக அனுப்பினால் நல்லது. அங்கே வாங்கியதற்கு இங்கே பெரும்பாலும் வாரண்டி கிடைக்காது. கனடா மின்சாரம் 120 வோல்ற், எங்களது 230. சில பழைய பவர் சப்ளைகளின் பின்புறம் 115, 230 என்று ஒரு சிறிய சிவப்பு ஆளி இருக்கும். அது 115 இல் இருக்க இங்கே செருகினால் உடனே எரிந்துவிடும்.

விலையைப் பற்றியும் ஒரு சொல். பாகங்கள் எல்லாம் டொலரில் வருபவை. 100 டொலர் பாகம், 2022 மார்ச்சுக்கு முன் சுமார் 20,000 ரூபா. டொலர் 360 ரூபா அளவுக்குப் போன மே மாதத்தில் அதுவே 36,000. வரி இதற்கு மேல். 2024 ஜனவரியில் இருந்து பெறுமதி சேர் வரி 18 வீதம். ஆகவே போன வருடம் அயல் வீட்டார் வாங்கிய விலையை வைத்துக் கணக்குப் போடாதீர்கள். வாங்கப்போகும் வாரத்தில் மூன்று கடையில் எழுத்தில் விலை எடுங்கள்.

எங்கள் காற்றும் மின்னலும்

திரியாய் கடலை அண்டிய ஊர். உப்புக்காற்று கணனிப் பாகத்தைத் துருப்பிடிக்க வைக்கும். கச்சான் காலத்துப் புழுதி காற்றாடிகளை அடைக்கும். யன்னலுக்கு நேரே கணனியை வைக்காதீர்கள், நிலத்திலும் வைக்காதீர்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை மூடியைக் கழற்றி, மெல்லிய தூரிகையால் தூசி தட்டப் பிள்ளைக்குப் பழக்குங்கள். சேர்த்துக் கட்டிய கணனியில் இதற்குப் பயமில்லை. ஆயத்தப் பெட்டியில் வாரண்டி ஸ்டிக்கர் ஒட்டியிருந்தால், திறக்கலாமா என்று வாங்கும்போதே கேட்டு எழுதி எடுங்கள்.

சித்திரையிலும் ஐப்பசி, கார்த்திகையிலும் மின்னல் கடுமை. இடி முழக்கம் கேட்டால் ஆளியை நிறுத்துவது மட்டும் போதாது, வயரையே கழற்ற வேண்டும். இன்ரநெற் வயர் இருந்தால் அதையும் கழற்றுங்கள். மின்னலில் எரிந்ததற்கும் துருவுக்கும் கடைகள் பொதுவாக வாரண்டி தருவதில்லை. மின்சாரம் அடிக்கடி நின்று வரும் இடங்களில் ஒரு யூபிஎஸ்ஸுக்கும் காசு ஒதுக்குங்கள். அது விளையாடுவதற்கல்ல, செய்த வேலையைச் சேமித்துக் கணனியை ஒழுங்காக நிறுத்துவதற்கு.

மின்கட்டணத்தையும் பாருங்கள். மொனிட்டரோடு 150 வாற்று எடுக்கும் கணனி நாளுக்கு 3 மணித்தியாலம் ஓடினால் மாதம் 13, 14 அலகு. தனிக் கிராபிக்ஸ் கார்ட் போட்டு 250 வாற்று ஆனால் 22, 23 அலகு. இதுவரை 50 அலகுக்குள் இருந்த வீடு 60 ஐத் தாண்டினால் அலகுக் கட்டணப் படியே மாறிவிடும். விளையாடும் நேரத்தைப் பிள்ளையோடு பேசி முடிவெடுக்க இந்தக் கணக்கு உதவும். கத்துவதை விடப் பில்லைக் காட்டினால் பிள்ளைகள் கேட்கிறார்கள்.

அந்தச் சத்தம்

இதைச் சொல்லாமல் விட முடியாது. பிள்ளைகள் விரும்பும் விளையாட்டுகளில் பல துப்பாக்கி விளையாட்டுகள். அவர்களுக்கு அது விளையாட்டு. எங்களுக்கு அப்படியல்ல. அடுத்த அறையில் வெடிச்சத்தம் கேட்கும்போது கை நடுங்கும் தாய்மார் எம்மில் உண்டு. சிலர் அதைச் சொல்ல வெட்கப்பட்டு, "கணனியே வேண்டாம்" என்று மட்டும் சொல்கிறார்கள். பிள்ளைக்குக் காரணம் விளங்குவதில்லை. கோபம்தான் மிஞ்சுகிறது.

காரணத்தைச் சொல்லுங்கள் சகோதரிகளே. எந்தச் சத்தம், எந்தக் காலம் என்று உங்களால் முடிந்த அளவு சொல்லுங்கள். பட்டியலில் ஒரு ஹெட்போனையும் சேர்த்து, அந்த விளையாட்டுகளை ஹெட்போன் இல்லாமல் விளையாடுவதில்லை என்று ஒரு விதி வைத்துக்கொள்ளுங்கள். உதைபந்து, கார் ஓட்டம், கட்டடம் கட்டும் விளையாட்டுகள் என்று வேறும் எத்தனையோ உண்டு. கூட இருந்து ஒருநாள் பாருங்கள். மகள் கேட்டால் மகனுக்குக் கொடுக்கும் அதே நேரத்தை அவளுக்கும் கொடுங்கள்.

வாங்கும் நாளில்

பட்டியலில் ஒவ்வொரு பாகத்தின் பெயரும் இலக்கமும் வாரண்டிக் காலமும் தனித்தனியாக எழுதப்பட்டிருக்க வேண்டும். கடையிலேயே பூட்டுவித்து, ஒரு மணித்தியாலம் உங்கள் முன் ஓடவிடச் சொல்லுங்கள். கீபோட்டில் கன்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்றையும் ஒன்றாக அமத்தினால் ஒரு பெட்டி திறக்கும். அதில் புரோசசரின் பெயர், ராமின் அளவு, கிராபிக்ஸின் பெயர் எல்லாம் தெரியும். பில்லோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகு காசைக் கொடுங்கள்.

பில் கேட்டால் கொடுக்க வேண்டியது கடைக்காரரின் கடமை. 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம் அதைச் சொல்கிறது. ஏமாற்றப்பட்டால் அந்த அதிகாரசபையின் 1977 என்ற இலக்கத்துக்கு முறையிடலாம். இடப்பெயர்வில் காணி உறுதியைத் தொலைத்துவிட்டு அலைந்தவர்கள் நாங்கள். கடதாசியின் அருமை எங்களுக்குத் தெரியும். பில்லையும் வாரண்டி அட்டைகளையும் ஒரே கோவையில் போட்டு, கைத்தொலைபேசியில் படமும் எடுத்து வையுங்கள். பில் மை நாட்பட மங்கிவிடும்.

சுருக்கமாக என் கருத்து இது. வீட்டில் பழுது பார்க்க ஒருவரும் இல்லை, விலையும் ஏறக்குறைய ஒன்றுதான் என்றால், உள்ளே இருப்பதை எழுத்தில் தரும் ஆயத்தப் பெட்டியை வாங்கலாம். பிள்ளைக்கு ஆர்வமும் உங்களுக்குப் பொறுமையும் இருந்தால், திருகோணமலையில் நம்பிக்கையான கடையொன்றில் முதற்கட்டத்தைச் சேர்த்துக் கட்டுவியுங்கள். மிகக் குறைந்த காசுக்கு எட்டாம் தலைமுறைக்குக் கீழ்ப்படாத அலுவலகக் கணனி. எந்த வழியிலும் தவணைக் கடன் வேண்டாம். பட்டியலை நீங்களே வாசித்துக் கேளுங்கள்.

விலைப்பட்டியல் எடுத்துவிட்டு யோசித்துக்கொண்டிருப்பவர்கள் சங்கக் கூட்டத்துக்கு அதைக் கொண்டு வாருங்கள். ஒன்றாக இருந்து பார்ப்போம். அடுத்த இதழில் மீண்டும் சந்திப்போம்.